இந்த ரெட் ஒயினை எடுத்து வைக்கலாமா? குன்னூரில் ருசி பார்க்கும் முறை

நன்றாகப் பழுத்த திராட்சையில் செய்த கனமான ரெட் ஒயின், நாசிக் ஷிராஸ் வகையோ கேபர்நே சாவிஞான் வகையோ, முதல் வாயிலேயே பிடித்துப்போகும். ஆனால் அது பத்து வருஷம் தாங்குமா என்பது வேறு கேள்வி. நான்கைந்து பாட்டில் வாங்கி அடுக்கும் முன் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

முதலில் வெப்பநிலை. ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கச் சொல்வார்கள். டிசம்பர் ராத்திரியில் நம் ஊர் அறைக்கு அது பொருந்தாது. குளிரில் மணம் எழும்பாது, துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். 16 முதல் 18 டிகிரி வேண்டும். வாய் குவிந்த கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, உள்ளங்கைகளால் பொத்திப் பிடித்துக் காத்திருங்கள். அடுப்பருகே வைக்கவே வேண்டாம்.

அடுத்ததுதான் பலரும் தடுமாறும் இடம்: புளிப்பையும் துவர்ப்பையும் பிரித்தறிவது. இதற்கு முந்தின நாளே வாயைப் பழக்குங்கள். நீலகிரித் தேயிலையைப் பால், சர்க்கரை இல்லாமல் பத்து நிமிடம் ஊறவிட்டுக் குடித்தால் ஈறு வறண்டு இழுக்கும். ஒயினில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்வதும் அதுதான். எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் தாடையோரம் எச்சில் ஊறும். அது அமிலம்.

சரி, இப்போது ஒரு வாய் ஒயினைச் சுழற்றித் துப்பிவிட்டுக் கவனியுங்கள். ஈறும் இழுக்கிறது, எச்சிலும் ஊறுகிறது, துப்பிய பிறகும் பழச்சுவை நீள்கிறது என்றால் தாராளமாக எடுத்து வைக்கலாம். எச்சிலே ஊறாமல், ஜாம் போன்ற இனிப்பும் தொண்டையில் எரிச்சலும் மட்டும் நின்றால் சீக்கிரம் குடித்துவிடுங்கள். திராட்சை அதிகம் பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலாகிறது. பழச்சுவை மெலிந்து துவர்ப்பு மட்டும் முரடாக இருந்தாலும் வேண்டாம். பழம்தான் முதலில் மங்கும்.

பாட்டிலில் மீதிப் பாதியைக் கார்க்கால் மூடி, ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே வைத்து, மறுநாள் மறுபடி பாருங்கள். ஒயினைக் காற்றாட ஊற்றி வைக்கும் குடுவையான டிகாண்டரைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன். பழம் அப்படியே இருந்து துவர்ப்பு மென்மையாகியிருந்தால் நல்ல அறிகுறி. குளிரில் காற்றின் வேலை மெதுவாக நடக்கும், அதனால் அதற்கு அடுத்த நாளும் பாருங்கள்.

வைக்கும் இடம்: மாடிப்படிக்கு அடியில், படுக்கை வசமாக. பகலில் காய்ந்து ராத்திரி குளிரும் தகரக் கூரைப் பரண் ஆகாது.

பின்சேர்க்கை: மழைக்காலத்தில் லேபிளில் பூஞ்சை பிடிப்பதாகக் கொடைக்கானல் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உள்ளே இருக்கும் ஒயினுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஈரப்பதம் கார்க்குக்கு நல்லதுதான். லேபிள் மீது சமையலறை பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், போதும்.