பில்லோவில் இடம் மாறிய கொம்பு

கல்லூரியில் பகுதிநேர வேலை: பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்துக்குத் தமிழில் அசைபடங்கள். ஒவ்வொரு சட்டகத்தையும் பைதான் நிரல்மொழியில், படம் வரைய உதவும் பில்லோ என்ற நிரல் நூலகத்தை வைத்து வரைகிறேன். 'தேடல்' என்று கொடுத்தால் இரட்டைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'வரிசை'யிலும் அதே கதை. வேடிக்கை என்னவென்றால் 'மரம்', 'தகவல்' எல்லாம் ஒழுங்காக வந்தன. அதனால் முதல் பாடம் முடியும்வரை யார் கண்ணிலும் படவில்லை.

எழுத்துருவை லதாவிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினேன்; பலனில்லை. கொம்பை முன்னால் தட்டச்சிட்டால் படம் சரியாகத் தெரியும், ஆனால் அதே கோப்பிலிருந்து எடுக்கும் வசன வரி கெட்டுப்போகும்.

கடைசியில் எழுத்து அடுக்கும் முறையாக, கொம்பு போன்ற குறிகளை உரிய இடத்தில் வைக்கும் 'ரக்ம்' வேண்டும் என்று நிரலில் வெளிப்படையாகக் கேட்டேன். அப்போதுதான் எச்சரிக்கை வந்தது: ரக்ம் இல்லை, அடிப்படை முறைக்குத் திரும்புகிறேன் என்று. அந்த அடிப்படை முறை எழுத்துகளைத் தட்டச்சிட்ட வரிசையிலேயே வைத்துவிடும். கேட்காதவரை பில்லோ வாயே திறக்காது!

பில்லோவுடன் ரக்ம் வந்திருந்தாலும், அதற்குத் தேவையான ஃபிரிபிடி என்ற துணை நூலகம் என் விண்டோஸ் கணினியில் இல்லை. அந்த நூலகத்தின் டிஎல்எல் கோப்பைப் (விண்டோஸில் நிரல் நூலகம் இருக்கும் கோப்பு வகை) பைதான் இருக்கும் கோப்புறையில் போட்டு மறுபடி ஓட்டினேன். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. அப்பாடா. 'ரக்ம்' கேட்கும் வரியை மட்டும் நிரலில் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.