மென்ட்டர் தேடுவது எப்படி? முதல் மெசேஜிலிருந்து ஆரம்பிப்போம்

மென்ட்டர் என்றால், நாம் போக நினைக்கும் பாதையில் முன்னால் போய், நமக்கு வழிகாட்டுகிறவர். முதலில் நான் சொதப்பிய கதை. முன்பின் தெரியாத, பெரிய பதவியில் இருந்த ஒருவருக்கு "சார், எனக்கு மென்ட்டராக இருப்பீர்களா?" என்று லிங்க்ட்இன்னில் (வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளம்) எழுதிவிட்டு ஒரு வாரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. இப்போது எனக்கே அப்படி மெசேஜ் வரும்போதுதான் அவர் பக்கம் புரிகிறது. சரி என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளைக்கு, எதுவுமே அதில் இல்லை.

படி 1: எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

"கேரியரில் முன்னேற வேண்டும்" என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "நான்கு வருடமாக மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால் சோதிப்பது) செய்கிறேன், அதையே புரோகிராம் வைத்துச் செய்யும் ஆட்டோமேஷன் கற்றுக்கொள்வதா, பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு மாறுவதா என்று குழப்பம்" என்றால் முடியும். இரண்டு வரியில் அடங்கவில்லையா, இன்னொரு நாள் உட்கார்ந்து எழுதுங்கள்.

படி 2: ஆளைத் தேடுங்கள்

உச்சியில் இருப்பவர் வேண்டாம். உங்களைவிட மூன்று முதல் ஐந்து வருடம் முன்னால் இருப்பவர் போதும், நீங்கள் இப்போது படும் பாடு அவருக்கு இன்னும் மறந்திருக்காது. பழைய டீமிலிருந்து வேறு கம்பெனிக்குப் போனவர், கல்லூரி சீனியர், நண்பரின் நண்பர் என்று அரைகுறையாகத் தெரிந்தவர்களைப் பட்டியல் போடுங்கள். நெருங்கியவர்களை விட்டுவிட்டு இவர்களை ஏன் சொல்கிறேன் என்றால், நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதிவிட்டார். 2022-ல் வெளியான, லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்விலும், வேலை மாற அதிகம் கைகொடுத்தது ரொம்ப நெருக்கமும் இல்லாத, சுத்தமாக அந்நியமும் இல்லாத அறிமுகங்கள்தான்.

அப்புறம், உங்கள் மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அப்ரைசல் போடுகிறவரிடம் "இந்த வேலையை விட்டுவிடலாமா?" என்று எப்படிக் கேட்பீர்கள்?

படி 3: சின்னதாகக் கேளுங்கள்

மென்ட்டர் என்ற வார்த்தையே வேண்டாம். இந்த அளவு போதும்:

"வணக்கம். நீங்கள் டெஸ்டிங்கிலிருந்து அனலிஸ்ட் வேலைக்கு மாறியதைப் பார்த்தேன். நானும் அந்த யோசனையில் இருக்கிறேன். மாறுவதற்கு முந்தைய ஆறு மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்க ஆசை. இருபது நிமிடம் பேச முடியுமா? நேரம் இல்லையென்றால் பரவாயில்லை."

பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவர்.

படி 4: பேசும்போது

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். "நீங்கள் என்ன செய்தீர்கள், எதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்?" என்று கேட்டுப்பாருங்கள், ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். இருபது நிமிடம் என்றால் இருபதாவது நிமிடத்தில் நீங்களே முடியுங்கள். என்ன ஆனாலும் அவரிடம் வேலை வாங்கித் தரும்படி கேட்டுவிடாதீர்கள்.

படி 5: செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்

முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். நன்றி சொல்லிவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது செய்துபார்த்து, மூன்று நான்கு வாரத்தில் எழுதுங்கள்: "நீங்கள் சொன்னபடி ஒரு ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்டை (மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற விவரம்) நானே எழுதிப்பார்த்தேன், பாதியில் திணறிவிட்டேன், இந்த இடத்தில் மட்டும் ஒரு சந்தேகம்." செய்ய முடியாமல் போனாலும், அவர் சொன்னது ஒத்துவரவில்லை என்று தோன்றினாலும் அதையே காரணத்தோடு சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தன் பேச்சைக் கேட்டு ஒருவர் ஏதோ செய்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு அடுத்த சந்திப்புக்கு அவரே நாள் சொல்வார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

படி 6: ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள்

இப்படி இரண்டு மூன்று சுற்று போன பிறகு, "ஆறு மாதத்துக்கு மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பேசலாமா?" என்று கேளுங்கள். ஆறு மாதம் என்று முடிவுத் தேதி இருப்பது நல்லது, இருவருக்கும் தர்மசங்கடம் இல்லை. மென்ட்டர் உறவுகளை ஆராய்ந்த கேத்தி கிராம் 1983-ல் அதை நான்கு கட்டமாகப் பிரித்தபோது, விலகுவதையும் ஒரு கட்டமாகவே வைத்தார். அதனால் கேட்கக் கேள்வி தீர்ந்துவிட்டால் இழுக்காதீர்கள். "இப்போதைக்கு என் குழப்பம் தீர்ந்தது, புது வேலையில் சேர்ந்ததும் எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள். சேர்ந்ததும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.