டீயை வச்சு வச்சு உறிஞ்சாதீங்க, பல்லுக்கு ஆகாது

சர்க்கரை போட்ட டீ, ரோஸ்மில்க், லெமன் சோடா எதுவா இருந்தாலும் அஞ்சு பத்து நிமிஷத்துல குடிச்சு முடிச்சிடுங்க, ஓஎம்ஆர் ஆபீஸ்ல எல்லாரும் பண்ற மாதிரி ஃப்ளாஸ்க்ல ஊத்தி டெஸ்க்ல வச்சு மத்தியானம் வரைக்கும் உறிஞ்சிட்டே இருக்காதீங்க. முடிச்சதும் சாதா தண்ணியில ரெண்டு வாட்டி கொப்பளிச்சிடுங்க, காசு செலவே இல்ல.

ஏன்னா வாயில இருக்கிற பாக்டீரியா சர்க்கரைய தின்னு ஆசிட் விடுது, அது பல்லோட எனாமலை அரிக்குது, எச்சில் அதை சரிபண்ணவே அரை மணி நேரம் கிட்ட ஆகும். நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் குடிச்சா அந்த அரை மணி நேரம் முடியவே முடியாது, அதனால எவ்ளோ சர்க்கரைங்கிறத விட எத்தன தடவைங்கிறது தான் இங்க பெரிய மேட்டர். கடலைமிட்டாயும் இதே கணக்கு தான், இடுக்குல வேற ஒட்டிக்கும்.

லெமன் சோடா மாதிரி புளிப்பா குடிச்சா உடனே பிரஷ் பண்ணாதீங்க, அரை மணி நேரமாச்சும் போகட்டும். சர்க்கரை போடாத டீ, வெறும் தண்ணிக்கு இந்த ரூல் கிடையாது, எவ்ளோ நேரம் வேணா உறிஞ்சுங்க. ஏற்கனவே சொத்தை விழுந்து வலிக்குதுன்னா கொப்பளிச்சுட்டு உக்காந்திருக்காம டென்டிஸ்ட்ட போயிடுங்க.