பாண்ட் நடிகரை எடை போடும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒட்டுக்கடையில் ஜேம்ஸ் பாண்ட் பேச்சு வந்தால், பேசுகிறவரின் வயது தெரிந்துவிடும். அறுபதைத் தாண்டியவர் ரோஜர் மூர் என்பார். வீடியோ டேப்புக் காலத்தில் வளர்ந்தவர் பியர்ஸ் புரோஸ்னன் என்பார். அவர் மகன் டேனியல் கிரேக்கைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். மூவரும் முதலில் பார்த்த பாண்டைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நடிப்பைப் பற்றிய பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பால்மரம் (ரப்பர்) வெட்டிய குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். வாளியில் எவ்வளவு பால் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஒருவரின் கைத்திறனை யாரும் முடிவு செய்வதில்லை. இளமரமா கிழமரமா, எந்த நிரை (வெட்டக் கொடுத்த மரவரிசை), முதல்நாள் ராத்திரி மழையா என்று கேட்பார்கள். அப்புறம் மரத்துக்கு அருகில் போய்ப் பட்டையைப் பார்ப்பார்கள். சீவல் மெல்லிசாக இருக்கிறதா, கத்தி உள்மரம் வரை இறங்கிக் காயமாக்கியிருக்கிறதா? படத்தின் வசூல் வாளிப் பால். கதை, இயக்குநர், சண்டை அமைப்பு எல்லாம் கொடுக்கப்பட்ட நிரை. நடிகருடையது அந்த வெட்டு ஒன்றுதான்.

அடுத்தவர் உடம்புக்கு மார்க்

அதிகம் நடக்கிற தவறு இது. 1995-இல் வந்த 'கோல்டன்ஐ' படத்தின் தொடக்கத்தில் அணைக்கட்டின் உச்சியிலிருந்து பாண்ட் குதிப்பார். சுவிட்சர்லாந்தின் வெர்சாஸ்கா அணை, உயரம் 220 மீட்டர். குதித்தவர் வெய்ன் மைக்கேல்ஸ். 1977-இல் 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தில் பனிமலை விளிம்பிலிருந்து பாய்ந்து பாராசூட்டை விரித்தவர் ரிக் சில்வெஸ்டர். படம் தொடங்கும்போது துப்பாக்கிக் குழலுக்குள் நடந்துவந்து நம்மைப் பார்த்துச் சுடும் உருவம்கூட, முதல் மூன்று படங்களிலும் ஷான் கானரி இல்லை, பாப் சிம்மன்ஸ். "என்னமா குதிக்கிறான்" என்று புரோஸ்னனுக்கோ மூருக்கோ கொடுத்த மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சண்டைக்காட்சியில் நடிகரைத் தேட வேண்டிய இடம் குதிப்பதற்கு முந்தைய நொடியும் விழுந்து எழுந்த பிந்தைய நொடியும். 2006-இன் 'கசினோ ராயல்' துரத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறவர் செபாஸ்டியன் ஃபூக்கான், சுவருக்கு மேலிருக்கும் சின்னத் திறப்பில் பாம்புபோல நுழைந்துவிடுவார். பின்னால் வரும் பாண்ட் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வருவார். இதைத் திட்டமிட்டது சண்டைக் குழு. உடைத்து வந்த பிறகும் அதே முரட்டுத்தனத்தோடு, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிற அந்த ஓட்டம் கிரேக்குடையது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு ஷாட் இரண்டு நொடிகூட நிற்கவில்லை என்றால் அதில் நடிப்பைத் தேடாதீர்கள். 2008-இன் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' சண்டைகளில் பெரும்பாலான ஷாட்டுகள் அப்படித்தான். அங்கே கிரேக் நன்றாக நடித்தாரா என்று கேட்பது, ஓடும் ரயிலின் ஜன்னலில் நின்றவர் சிரித்தாரா என்று கேட்பதுபோல.

குரல் யாருடையது?

1969-இல் ஒரே ஒரு பாண்ட் படத்தில் நடித்த ஜார்ஜ் லேசன்பியைப் பற்றி, "படத்தின் நடுவில் குரல் ஒட்டவே இல்லை" என்று குறை சொல்வோர் உண்டு. பாண்ட், சர் ஹிலரி பிரே என்ற ஆளாக வேடமிட்டு மலைமேல் மருத்துவமனைக்குப் போகும் பகுதியில் கேட்பது லேசன்பியின் குரலே இல்லை. பிரேவாக நடித்த ஜார்ஜ் பேக்கரின் குரல் அது. அந்தக் குறையை லேசன்பியின் கணக்கில் எழுதக்கூடாது.

தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு "கிரேக் கம்பீரமாகப் பேசுகிறார்" என்பதும் இதே வகைதான். பேசியவர் கம்பீரமானவராக இருக்கலாம், ஆனால் அவர் கிரேக் இல்லை. மலாய் சப்டைட்டிலோடு பார்ப்பவர்களுக்கு வேறு சிக்கல். கண் முழுக்கத் திரையின் அடியிலேயே இருக்கும், முகம் மாறுவது தப்பிவிடும். கதை தெரிந்த பிறகு இரண்டாம் முறை சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

யாரோடு யாரை வைத்துப் பார்ப்பது

கானரியின் 'கோல்டுஃபிங்கர்' அவருடைய மூன்றாவது பாண்ட் படம். அதை லேசன்பியின் ஒரே படத்தோடு ஒப்பிட்டு லேசன்பியைத் தோற்கடிப்பது நியாயமில்லை. பாண்ட் படங்களைத் தயாரித்த ஈயான் நிறுவனத்தின் 25 படங்களில் மூருக்கு 7, கானரிக்கு 6, கிரேக்குக்கு 5, புரோஸ்னனுக்கு 4, டிமதி டால்டனுக்கு 2, லேசன்பிக்கு 1. முதல் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி, இயக்குநரை மாற்றாமல் நடிகரை மட்டும் மாற்றிப் பார்ப்பது. பாண்ட் வரிசையில் இதற்கு வசதி இருக்கிறது. ஏனோ பெரும்பாலானோர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

'கோல்டன்ஐ', 'கசினோ ராயல்' இரண்டையும் இயக்கியவர் மார்ட்டின் கேம்பல். முதலாவதில் பாண்ட் டாங்கியில் சுவரை இடித்துக்கொண்டு தெருவுக்கு வந்ததும் டையைச் சரிசெய்துகொள்வார். புரோஸ்னன் அதை ஒரு நொடியில், முகத்தில் எதுவும் காட்டாமல் செய்வார். அந்தப் படம் கேட்டது அந்த அலட்சியத்தை. இரண்டாவதில் படிக்கட்டில் இருவரைக் கொன்றுவிட்டு, கிரேக் அறைக்கு வந்து ரத்தத்தைக் கழுவி, விஸ்கியை ஒரே மடக்கில் விழுங்கி, கண்ணாடியில் தன்னையே பார்ப்பார். வசனம் இல்லை. ஒரே இயக்குநர் இருவரிடமும் வெவ்வேறு சரக்கைக் கேட்டிருக்கிறார், இருவரும் கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள். கிரேக்கிடம் டை சரிசெய்யும் அலட்சியம் இல்லை என்று மார்க் குறைப்பது, செம்பனைத் தோட்டத்துக்காரரிடம் ரப்பர் பால் கேட்பதற்குச் சமம்.

ஜான் க்ளென் 1981 முதல் 1989 வரை ஐந்து படங்களைத் தொடர்ந்து இயக்கினார். முதல் மூன்றில் மூர், பின்னிரண்டில் டால்டன். "மூருக்குக் கடுமை வராது" என்பவர்கள் இந்த ஐந்தில் முதலாவதான 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யைப் பார்க்க வேண்டும். கொலைகாரனின் கார் செங்குத்துப் பாறை விளிம்பில் தொங்குகிறது. பாண்ட், சட்டையில் குத்தும் புறா வடிவ ஊசியை அவனிடம் வீசிவிட்டு, காலால் காரை உதைத்துத் தள்ளுவார். அந்த உதை தன் பாண்டுக்குப் பொருந்தாது என்று மூர் தயங்கியதாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். ஆனாலும் திரையில் முகம் கல்லாகத்தான் இருக்கிறது.

இதே ஐந்தில் நான்காவது, 1987-இன் 'தி லிவிங் டேலைட்ஸ்'. வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் ஒரு காப்பிக்கடை. படம் முழுக்க பாண்டோடு உரசிக்கொண்டே இருந்த சாண்டர்ஸ் என்ற அதிகாரிக்கு அப்போதுதான் பாண்ட் நன்றி சொல்கிறார். சாண்டர்ஸ் திரும்பி நடக்கிறார், தானியங்கிக் கதவு அவரை நசுக்குகிறது. ஒற்றர்களுக்குச் சாவு என்று ரஷ்யமொழியில் எழுதிய பலூன் ஒன்று உருண்டு வருகிறது. டால்டன் அதைப் பார்க்கிறார், பலூன் கையில் வெடிக்கிறது, முகம் அந்த இடத்திலேயே மாறுகிறது. பலூன்களைத் துரத்தி ஓடித் துப்பாக்கியை நீட்டினால் எதிரே ஒரு சிறுவனும் தாயும். துப்பாக்கியை மறைத்துக்கொண்டு காதலியிடம் திரும்புகிறார். செய்தி ஏதாவது வந்ததா என்று அவள் கேட்கிறாள், கிடைத்தது என்கிறார். நட்பு, அதிர்ச்சி, வெறி, வெட்கம், மூடிமறைப்பு ஐந்தும் சில நிமிடத்துக்குள் வந்துபோகின்றன. டால்டனை 'சிரிக்கத் தெரியாதவர்' என்ற ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் இந்தக் காட்சியைத் தாண்டிப் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு ஜோடி கை ஹாமில்டன் படங்கள். "கோமாளித்தனத்தைக் கொண்டுவந்தவர் மூர்" என்பது பழைய வழக்கு. மூர் வருவதற்கு முன்பே, 1971-இன் 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் நிலவு வண்டியில் தப்பி ஓடும் காட்சி இருக்கிறது, சூதாட்ட இயந்திரத்தை இழுக்கும் யானையும் இருக்கிறது. அதில் நடித்தவர் கானரி. அதே இயக்குநரும், அதன் எழுத்தாளர்களில் ஒருவரான டாம் மாங்கீவிச்சும் 1973-இல் மூருக்கு 'லிவ் அண்ட் லெட் டை'யைக் கொடுத்தார்கள். நிரை அப்படியே இருந்தது, வெட்ட வந்த ஆள்தான் வேறு.

"புத்தகத்தில் இருப்பதுபோல் இல்லை"

இதைச் சொல்கிறவரிடம் எந்தப் புத்தகம் என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். இயன் ஃபிளெமிங் தரும் அடையாளம்: உயரம் 183 செண்டிமீட்டர், எடை 76 கிலோ, கறுப்பு முடி, வலது கன்னத்தில் தழும்பு. தழும்போடு எந்த நடிகரும் வரவில்லை. பாண்டின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்று 1964 நாவலில் ஃபிளெமிங் எழுதும்போது, ஸ்காட்லாந்துக்காரரான கானரி ஏற்கெனவே பாண்டாக நடிக்கத் தொடங்கிவிட்டார். புத்தகமும் திரையும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை.

நம் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று கொண்டாடிய ரசனை நம்முடையது. கதாநாயகன் வந்தால் விசில் பறக்க வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால் 1962-இன் 'டாக்டர் நோ'வில் கானரி சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சி சப்பென்று இருக்கும். இருட்டறையில் தனியாகச் சீட்டாடிக்கொண்டு காத்திருக்கிறார். பேராசிரியர் டென்ட் வந்து கட்டிலை நோக்கி ஆறு குண்டையும் சுட்டுத் தீர்க்கிறார். கானரி எழுவதில்லை, அவசரப்படுவதில்லை, பேச்சுக் கொடுக்கிறார். டென்ட் மெல்லத் துப்பாக்கியை எட்டிப் பிடிப்பதைத் தெரிந்தே விட்டுவிட்டு, அது காலியாகச் சொடுக்கிய பிறகுதான் சுடுகிறார். படம் வந்தபோது 32 வயது, பாண்டாக முதல் படம். விசிலுக்கு இடமில்லாத காட்சி, ஆனால் அறை முழுக்க அவர் பிடியில்தான் இருக்கிறது.

ஊர்ப்பாசத்தையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். 1997-இன் 'டுமாரோ நெவர் டைஸ்'இல் நடிகை மிஷெல் யோ வந்துவிட்டார், இங்கிருந்து பக்கத்திலிருக்கும் ஈப்போவில் பிறந்தவர். அதுவும் முதல் பாண்ட் படம் வந்த அதே 1962-இல். கைவிலங்கால் பிணைக்கப்பட்டு இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளை ஓட்டும் காட்சியில் நம் கண் அவரை விட்டு நகராது. புரோஸ்னனுக்கு மார்க் போட வேறு காட்சி எடுத்துக்கொள்ளுங்கள். அதே படத்தில் ஹாம்பர்க் ஓட்டல் அறையில் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்து, வோட்கா குடித்துக்கொண்டு, யாரோ வரக் காத்திருக்கும் காட்சி போதும்.

என்ன பிரதியில் பார்த்தீர்கள்?

1965-இன் 'தண்டர்பால்' முதல் பெரும்பாலான பாண்ட் படங்கள் 2.35-க்கு 1 என்ற அகலத்தில் எடுக்கப்பட்டவை. பழைய 4:3 டிவிக்கும் டேப்புக்கும் வெட்டி நிரப்பியபோது படத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. எதிராளி பேசும்போது ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாண்டே பல இடங்களில் இல்லை. இங்கே தணிக்கையில் முத்தக்காட்சியை வெட்டியதும் சேர்ந்தால், பாண்ட் ஒரு பெண்ணை ஏமாற்றுகிறாரா விரும்புகிறாரா என்பதைக் காட்டும் இடமே காணாமல் போகும். சிறுவயதில் அப்படிப் பார்த்ததை வைத்துச் சொன்ன தீர்ப்பை, அகலமான முழுப் பிரதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிய டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், அது எல்லா நடிகரையும் சீரியல் நடிகர்போல் காட்டும். கைத்தொலைபேசியில் வரும் முப்பது வினாடித் துண்டுகளைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

நேரமிருந்தால் இப்படிச் செய்யலாம். ஒரு நடிகருக்கு மூன்று காட்சி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம்: காத்திருப்பது ஒன்று, கொன்ற பிறகு கிண்டலாக ஒரு வரி சொல்வது ஒன்று, தோற்பது அல்லது இழப்பது ஒன்று. முதல் தடவை ஒலியை அணைத்துப் பார்க்கவும், அடுத்த தடவை அசல் ஒலியோடு. கவனிக்க வேண்டியது மூன்றுதான். அடுத்தவர் பேசும்போது முகம் என்ன செய்கிறது? கிண்டல் வரிக்கு முன் எவ்வளவு இடைவெளி விடுகிறார்? அடிபட்ட பிறகு அடுத்த காட்சியில் அந்த வலி உடம்பில் இருக்கிறதா, மறந்துபோனதா? இழப்புக் காட்சிக்கு லேசன்பி படத்தின் கடைசி நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். காருக்குள் இறந்து கிடக்கும் மனைவியை அணைத்துக்கொண்டு, அவள் ஓய்வெடுக்கிறாள் என்று போலீஸ்காரரிடம் சொல்வார். அதற்கு முன் எந்தப் படத்திலும் கதாநாயகனாக நடித்திராத ஆள் அவர்.

போஸ்டரைப் பார்த்தே தீர்ப்பு எழுதுவது பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2005 அக்டோபரில் கிரேக்கை அறிமுகப்படுத்தியபோது தேம்ஸ் ஆற்றில் படகில் வந்தார், உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தார். பாண்டுக்கு உயிர்காப்புச் சட்டையா என்று பத்திரிகைகள் சிரித்தன. பொன்னிற முடி என்பதற்காகப் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி ரசிகர்கள் கிளம்பினார்கள். அப்போது படப்பிடிப்பே தொடங்கியிருக்கவில்லை.