கல்லின் மேல் வரியைப் படித்தீர்களா? அயர்லாந்துக் கல்லறைகளில் முன்னோரைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் திப்பரரி மாவட்டத்தில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்கு ஓர் இளம் தம்பதியைக் கூட்டிப் போயிருந்தேன். பையனுடையது திருச்சி பொன்மலை ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். அவனுடைய முன்னோர் ஒருவர் அயர்லாந்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து மதராஸுக்குக் கப்பல் ஏறியவர். உள்ளே நுழைந்த இருபது நிமிடத்தில் தங்கள் குடும்பப் பெயர் உள்ள ஏழெட்டுக் கற்களைப் போனில் படம் பிடித்துவிட்டார்கள். எல்லாப் படத்திலும் பெயரும் தேதியும் பளிச்சென்று இருந்தன. “அங்கிள், எல்லாம் கிடைச்சாச்சு. கிளம்பலாமா?” என்றான்.

“தம்பி, மேலே சின்ன எழுத்தில் என்னவோ இருக்கு பார். படிச்சியா?”

படிக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் நானும் படிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குடும்பப் பெயரில் எழுத்து மாறும், முன்னால் ஒட்டும் ‘ஓ’வும் ‘மக்’கும் வரும் போகும் என்பதெல்லாம் எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரையும் தேதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவது

என் மாமியார் பிறந்த வீட்டின் பெயர் ரயன். திப்பரரியில் ரயன்களுக்குக் கணக்கே கிடையாது. ஒரு ரயனை இன்னொரு ரயனிடமிருந்து பிரித்துச் சொல்ல அப்பா பெயரையோ, தலைமுடியின் நிறத்தையோ, செய்த தொழிலையோ பட்டப்பெயராக ஒட்டிக்கொள்வார்கள். ஊர்ப்பேச்சில் மட்டும் இல்லை, அரசாங்க ஆவணத்திலேயே அந்தப் பட்டப்பெயர் ஏறியிருக்கும்.

மாமியாருக்குத் தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எங்களிடம் இருந்தது கொஞ்சம்தான். மகனின் திருமணப் பதிவில் அவர் பெயர் இருந்தது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் இல்லை. ஆக, நடுவில் இறந்திருக்க வேண்டும். ஒரு மழைநாளில் அந்தக் குடும்பத்தின் பங்கில் (ஒரு கோவிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியில்) இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் அதே பெயர், 1883, வயது 72 என்ற கல்லைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. படம் எடுத்தேன், அன்று இரவே மாமியாருக்கு அனுப்பினேன். அவர் அழுதுவிட்டார்.

அயர்லாந்தில் ஒவ்வொரு பங்கிலும் கோடைக்காலத்தில் கல்லறை ஞாயிறு என்று ஒன்று உண்டு. நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளுக்குப் போவது போல, அன்று குடும்பம் குடும்பமாகப் போய்க் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, திருப்பலியில் நிற்பார்கள். மூன்று வருடம் மாமியார் அந்தக் கல்லுக்குப் பூ வைத்தார். மூன்றாம் வருடம் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்று, மிக மரியாதையாக, “நீங்கள் எந்த ரயன்?” என்று கேட்டார். அது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கல்லறை. பாசி படர்ந்து என் கண்ணில் படாமல் போன மேல் வரியை அவர் கல்லைப் பார்க்காமலே சொன்னார்: இன்ன டவுன்லேண்டைச் சேர்ந்த இன்னார், தன் தந்தையின் நினைவாக நிறுவியது. அந்த டவுன்லேண்டுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. மாமியார் கையில் இருந்த பூவை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு. நாடு முழுக்க 60,000க்கும் மேல் உண்டு. பல டவுன்லேண்டுகளில் நாலைந்து வீடுதான் இருந்திருக்கும். பெயர் ஆளைக் காட்டாது, டவுன்லேண்ட்தான் காட்டும். நமக்கு இது தெரியாத விஷயமா? தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் பேரன். அங்கேயும் அதே வழக்கம்தான்: மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். ஒருவருக்கு நாலு மகன்கள் என்றால், நாலு பேரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு அவர் பெயரையே வைப்பார்கள். ஒரே பங்கில், ஏறத்தாழ ஒரே வயதில், ஒரே பெயரில் நாலு பேர். 1883இல் இறந்தவர் அந்த நாலு பேரில் யார் என்று நான் கேட்கவே இல்லை.

என்னை இன்றும் உறுத்துவது அதுகூட இல்லை. சரி, மேல் வரி தெரியவில்லை, போகட்டும். அந்த 1883 இறப்புப் பதிவை நான் எடுத்துப் பார்த்தேன். அயர்லாந்தில் 1864 ஜனவரியிலிருந்து இறப்புகளுக்கு அரசுப் பதிவு உண்டு. தெற்கே, அயர்லாந்துக் குடியரசுப் பகுதியின் பழைய பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர் இருக்காது. ஆனால் இறந்த இடம், தொழில், திருமணமானவரா மனைவியை இழந்தவரா என்பது, தகவல் கொடுத்தவரின் பெயர் எல்லாம் இருக்கும். நான் பார்த்த பதிவில் வேறொரு டவுன்லேண்ட் இருந்தது. தகவல் கொடுத்தது ஒரு மகள்; எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் மகள் கிடையாது. இரண்டையும் பார்த்துவிட்டு, ‘வயதான காலத்தில் மகள் வீட்டில் போய் இருந்திருப்பார், அந்த மகளை நமக்குத் தெரியாமல் இருக்கலாம்’ என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கல் கிடைத்த சந்தோஷத்தில் காகிதம் சொன்னதைக் கேட்க மனம் வரவில்லை. ஒத்துவராத தகவல் இரண்டு வந்தால் நிறுத்துங்கள். கதை கட்டி இணைக்காதீர்கள். ஒரே குத்தகை நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருந்த குடியானவர்கள் அவர்கள். சும்மா இடம் மாற மாட்டார்கள்.

நான் செய்திருக்க வேண்டியது இதுதான். கல்லில் உள்ள எல்லா வரியையும், எந்த இடத்தில் மடங்குகிறதோ அங்கேயே மடக்கி, அப்படியே எழுதியிருக்க வேண்டும். கல்லை நிறுவியவர் யார், எந்த டவுன்லேண்ட், அடியில் கல்தச்சரின் பெயர் செதுக்கியிருக்கிறதா, முதுகுப் பக்கம் ஏதாவது உண்டா என்று பார்த்திருக்க வேண்டும். இரு பக்கமும் உள்ள கற்களையும் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் உறவுக்காரர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்துத்தான் கிடப்பார்கள். அப்புறம் அந்த டவுன்லேண்டை எடுத்துக்கொண்டு கிரிஃபித் நிலமதிப்பீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 1847 முதல் 1864 வரை நாடு முழுவதும் யார் எந்த நிலத்தில் இருந்தார்கள் என்று எழுதிய கணக்கு அது. அதற்குப் பிறகு வந்த திருத்தப் புத்தகங்கள் நம்மூர்ப் பட்டா மாற்றம் போலத்தான்: பழைய பெயரை அடித்து, புதிய பெயரை வேறு நிற மையில் எழுதி, ஆண்டையும் போட்டிருப்பார்கள். அப்பா பெயர் போய் மகன் பெயர் வரும் ஆண்டை ஒட்டித்தான் பெரும்பாலும் இறப்பு இருக்கும். கடைசியில் எங்கள் ஆளை நான் பிடித்தது அப்படித்தான். நிலமதிப்பீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பட்டப்பெயரும் இருந்தது. முதல் தடவை அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது, ஏதோ எழுத்தர் குறிப்பு என்று தாண்டிப் போயிருந்தேன்.

யாரோ எழுதி வைத்த கல்வெட்டுப் பட்டியலை நம்பி நேரில் போகாமல் இருப்பதும் இதே தவறுதான். 1888இல் தொடங்கி இறந்தோர் நினைவுச் சின்னங்களுக்கென்றே ஒரு சங்கம் இதழ் நடத்தியது. அன்று அவர்கள் எழுதி வைத்த கற்கள் சில இன்று இல்லவே இல்லை, அந்த வகையில் அது பெரிய புதையல். ஆனால் எந்தப் பட்டியலாக இருந்தாலும், எழுதியவருக்கு எது முக்கியமாகப் பட்டதோ அதுதான் அதில் ஏறியிருக்கும்.

கல்லில் பெயர் இருந்தால் உடலும் அங்கேதான் என்று நினைப்பது

கடல் கடந்து போன பிள்ளையின் பெயரையும் பெற்றோரின் கல்லில் சேர்த்து வெட்டுவார்கள். மதராஸிலும் கல்கத்தாவிலும் இறந்த சிப்பாய்களின் பெயர்கள் அயர்லாந்துக் கற்களில் உண்டு. பொன்மலைப் பையனிடம் நான் முக்கியமாகச் சொன்னது இது: உன் ஆள் கிடப்பது மதராஸ் மண்ணில், அவருடைய அடக்கப் பதிவு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மதராஸ் திருச்சபைக் கணக்குகளில் தேட வேண்டியது. இங்கே தேட வேண்டியது அவருடைய அப்பாவையும் அம்மாவையும்.

இன்னொன்று. கல்லில் உள்ள முதல் தேதி கல் நட்ட தேதி இல்லை. 1840களில் இறந்தவருக்கு அமெரிக்காவில் காசு சேர்த்த பேரன் நாற்பது வருடம் கழித்துக் கல் நட்டிருக்கலாம். நாலு இறப்பும் ஒரே கையெழுத்தில், ஒரே ஆழத்தில் வெட்டியிருந்தால் எல்லாம் ஒரே நாளில் வெட்டியவை. அப்படியானால் பழைய தேதிகள் ஞாபகத்திலிருந்து சொன்னவை.

கத்தோலிக்கர் என்றால் கத்தோலிக்கப் பதிவேடு என்று போவது

நம்மூர்ப் பழக்கத்தில் யோசித்தால் இது நியாயமாகத்தான் படும். அயர்லாந்தில் கத்தோலிக்கப் பங்குகள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதின அளவுக்கு அடக்கத்தை எழுதவில்லை. பழைய கல்லறைத் தோட்டங்கள் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குப் பிறகு அயர்லாந்துத் திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் கைக்குப் போய்விட்டன. கத்தோலிக்கர்களும் தங்கள் முன்னோர் கிடக்கும் அதே மண்ணில்தான் அடக்கம் செய்தார்கள். அதனால் உங்கள் கத்தோலிக்கத் தாத்தாவின் அடக்கம் ஆங்கிலிக்கன் பதிவேட்டில் இருக்கலாம், போய்ப் பாருங்கள்.

அந்தப் பதிவேடுகளிலும் பாதிக்கு மேல் 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது போய்விட்டன. உங்கள் பங்கின் பதிவேடு டப்ளினுக்கு அனுப்பப்பட்டதா, ஊரிலேயே தங்கியதா என்பதை முதலில் கேளுங்கள். ஊரில் தங்கியது பிழைத்தது. பிற்காலத்துக்கு மாவட்டக் கவுன்சில்களின் பதிவேடுகள் உண்டு. கெரி போன்ற மாவட்டங்கள் அவற்றைப் படமெடுத்து இணையத்திலேயே போட்டிருக்கின்றன.

ஒரே குழியில் கிடந்தால் உறவு என்று முடிவு கட்டுவது

கத்தோலிக்கர் உரிமைக்குப் போராடிய டேனியல் ஓ’கானலின் முயற்சியால் 1832இல் திறந்த டப்ளின் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அங்கே ஒரு பெயரைத் தேடினால், அதே குழியில் யார் யார் என்ற பட்டியலையும் காசு கட்டி வாங்கலாம். சொந்தமாக வாங்கிய குழி என்றால் அந்தப் பட்டியல் ஒரு குடும்ப மரமே. ஏழைகளுக்கு ஒதுக்கிய பகுதி என்றால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்களும் ஒரே குழியில் இருப்பார்கள். பட்டியல் கையில் வந்ததும் முதலில் எந்தப் பகுதி என்று பாருங்கள்.

கல்லில் உள்ள வயது

நம்பாதீர்கள். 70, 80 என்று முழுசாக இருந்தால் சுத்தமாக நம்பாதீர்கள்.

பெண்களைக் கணவர் பெயரில் மட்டும் தேடுவது

பழைய கற்களில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் இரண்டு குடும்பப் பெயர்கள் வரும், நடுவில் ‘ஏலியஸ்’ என்றிருக்கும். குற்றப்பதிவில் வருகிற ஏலியஸ் இல்லை இது, அவர் பிறந்த வீட்டுப் பெயர். இரண்டாம் திருமணம் என்று நினைத்து ஓர் அன்பர் ஆறு மாதம் இல்லாத கணவரைத் தேடினார். சில இடங்களில் மணமான பெண்ணையும் பிறந்த வீட்டாரோடுதான் அடக்கம் செய்திருப்பார்கள். கல் ஐரிஷ் மொழியில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: ஆணுக்கு ‘ஓ’ என்று வருவது மகளுக்கு ‘நீ’ என்றும், மனைவிக்கு ‘பான் ஈ’ என்றும் மாறும். மூன்றும் ஒரே வீடு.

சாக்பீஸ், ஷேவிங் நுரை, கம்பி பிரஷ்

தேய்ந்த எழுத்து தெரியட்டும் என்று இவற்றைக் கல்லில் தேய்ப்பவர்கள் உண்டு. தொடவே கூடாது. சாய்ந்த வெயிலில் போங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

கல் இல்லை என்றால் ஆள் இல்லை என்று விட்டுவிடுவது

பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் பெரும்பாலானவர்களுக்கு எழுத்து வெட்டிய கல் கிடையாது. அதற்குக் காசு வேண்டும். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் செத்தவர்களைப் பொதுக் குழிகளில் போட்டார்கள். கார்க் மாவட்டம் ஸ்கிபரீன் பக்கத்தில் ஆபிஸ்ட்ரூரியில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிக் கிடக்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கில்லீன் என்ற தனி இடங்களில் புதைத்தார்கள், பதிவு ஏதும் கிடையாது. மற்றவர்களுக்கு மரச் சிலுவை, அல்லது வயலில் எடுத்த கரடுமுரடான கல்.

எழுத்தில்லாத அந்தக் கல்லுக்குக் கீழே யார் என்று சொல்லக்கூடியவர் ஒருவர் பெரும்பாலும் ஊரில் இருப்பார். குழி வெட்டுகிறவர், தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், இல்லையென்றால் எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்று அப்பாவிடம் கேட்டு வைத்திருக்கும் ஒரு பெரியவர். ஆவணத்தில் டவுன்லேண்டையும் பட்டப்பெயரையும் கண்டுபிடித்த பிறகு, அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் நான் கேட்டேன். தெற்குச் சுவரோரம் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல்லைக் காட்டினார் பராமரிப்பவர். அதே தோட்டம்தான். மூன்று வருடம் நாங்கள் நின்ற இடத்திலிருந்து நாற்பது அடி இருக்கும்.

அடுத்த கல்லறை ஞாயிறுக்கு மாமியார் இரண்டு கொத்துப் பூ வாங்கினார். ஒன்றைச் சுவரோரக் கல்லுக்கு வைத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு நடந்தார். அந்தப் பெரியவர் தன் பேரப்பிள்ளைகளோடு அங்கே நின்றிருந்தார், நகர்ந்து இடம் விட்டார்.