அக்கி வந்தால் செய்யக் கூடாத தவறுகள்

அத்தைக்கு அப்போது 71 வயது. இடது விலாவில் எரிகிறது என்றார். வாயுப்பிடிப்பு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம், தைலம் தேய்த்தோம். மூன்று நாள் கழித்து, புடவை உரசினாலே துடித்துப்போனார். ரவிக்கையை விலக்கிப் பார்த்தால் முதுகுத்தண்டில் தொடங்கி மார்புக்குக் கீழே வரை, ஒரே பக்கமாக, பட்டையாக நீர்க்கொப்புளங்கள். அக்கி! 'உடம்புச் சூடு' என்றார்கள். காவி குழைத்து மூன்று நாள் அக்கி எழுதினோம். நான்காம் நாள்தான் டாக்டரிடம் போனோம். கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்தது. வலி எட்டு மாதம் போகவில்லை.

நாங்கள் செய்த பெரிய தவறு, அக்கி எழுதிக் கழித்த அந்த மூன்று நாள்தான். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் பலன் அதிகம். காவி குளிர்ச்சியாக இருக்கலாம், வைரஸை அது ஒன்றும் செய்யாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழும் வைக்கலாம்.

அக்கிக்குக் காரணம் சூடு இல்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது உள்ளே வந்த அதே வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழவிடாமல் காவல் காப்பவை டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள். இவை பக்குவப்படுகிற இடம் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. பருவ வயதுக்குப் பிறகு அது சுருங்கிக்கொண்டே போகும், அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பும். புது டி செல்களின் வரத்து குறையும், பழையவையும் சோர்ந்துபோகும். ஐம்பதைத் தாண்டினால் அக்கி அதிகம் வருவது இதனால்தான். 'எனக்குத்தான் அம்மை வந்துபோச்சே' என்று நிம்மதியாக இருப்பது அதனால் தவறு. வந்தவர்களுக்குத்தான் அக்கியே வரும்.

இன்னொன்று, காய்ச்சல் இல்லையே என்று காத்திருப்பது. அக்கிக்குக் காய்ச்சல் வந்தே தீரவேண்டும் என்றில்லை. ஃப்ளூ, கொரோனாவிலும் முதியவர்களுக்கு உடம்பு சுடாமலே போகலாம். திடீர்க் குழப்பம், சாப்பாடு இறங்காதது, தடுமாறி விழுவது மட்டுமே அறிகுறியாக இருக்கும்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டர். பார்வையே போகலாம். அப்புறம், கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை கைக்குழந்தையையும், அம்மை வராத கர்ப்பிணியையும் பக்கத்தில் விடாதீர்கள். அவர்களுக்கு இதனால் சின்னம்மை வரக்கூடும்.

வயதானால் அக்கித் தடுப்பூசி வேலை செய்யாது என்பதும் பழைய கதை. முன்பு இருந்த, வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி எழுபதைத் தாண்டியவர்களுக்கு 38 சதவீதம்தான் பலன் தந்தது, உண்மை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய ஊசியில், சோர்ந்த டி செல்களைத் தட்டியெழுப்பும் துணைப்பொருளும் சேர்ந்திருக்கிறது. அதே வயதினருக்கு அதன் பலன் சுமார் 90 சதவீதம். இந்தியாவிலும் கிடைக்கிறது, விலைதான் அதிகம். ஐம்பது வயதுக்கு மேல், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், அது மறுபடியும் வரக்கூடியதுதான்.