லேசர்ல சுட்ட கிராஃபீன்ல யூரிக் ஆசிட் சென்சர் செய்றது எப்படி

ஏஎல் (பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை) முடிச்சு பேராதெனியப் பக்கம் கேம்பஸ் வந்து சென்சர் ப்ராஜெக்ட் எடுக்குற நம்ம தோட்டத்துப் புள்ளைங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கிராஃபீன்னதும் பயப்படாதீங்க, அதுவும் கார்பன்ல ஒரு வகைதான், விரல குத்தி சுகர் பாக்குற ஸ்ட்ரிப் இருக்குல்ல, அதுலயும் எலெக்ட்ரோட்ல ஓடுற கரண்டத்தான் அளக்குறாங்க. மொதல்ல யூரிக் ஆசிட்ல தொடங்குங்க, கவுட் உள்ளவங்களுக்கு ரத்தத்துல கூடுறது அதுதான், எலெக்ட்ரோட்ல தானாவே ஆக்ஸிடைஸ் ஆகும், அதாவது எலெக்ட்ரான விட்டு கரண்ட் குடுக்கும், என்சைமும் வேணாம் ஆன்டிபாடியும் வேணாம்.

பாலிஇமைட்ங்கிற சூடு தாங்குற பிளாஸ்டிக் ஷீட்ட கார்பன் டையாக்சைட் லேசரால சுட்டா மேல்பக்கம் கருப்பா நுரை மாதிரி கிராஃபீனா மாறும், 2014ல ரைஸ் யுனிவர்சிட்டியில ஜேம்ஸ் டூர் குரூப் காட்டின வழி இது. அக்ரிலிக் வெட்டுற கடையிலயே அந்த லேசர் இருக்கும், ஆனா பவர கொறைச்சு வச்சு, பொகை வெளிய போற மாதிரிப் பாத்துக்கங்க. மூணு கோடு சுடுங்க, நடுவுல உள்ளது ரியாக்ஷன் நடக்குற வேர்க்கிங் எலெக்ட்ரோட், ஒண்ணு கரண்ட் சுத்தி வர்ற கவுண்டர், மத்ததுல சில்வர் சில்வர்குளோரைட் பேஸ்ட் பூசினா வோல்டேஜ ஒப்பிட்டுப் பாக்குற ரெஃபரன்ஸ். கிளிப் மாட்டுற எடத்துக்கு சில்வர் பெயின்ட், அதுக்குக் கீழ தண்ணி ஏறாம இருக்க கியூடெக்ஸ் ஒரு கோட்டிங் பூசுங்க. கருப்புல மட்டும் விரல் படவே கூடாது, லேசா தொட்டாலும் உதிரும்.

இப்பதான் முக்கியமான எடம், இதத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. யூரிக் ஆசிட்ட ஊத்துறதுக்கு முன்ன 0.1 மோலர் பொட்டாசியம் குளோரைட்ல 5 மில்லிமோலர் ஃபெரோசயனைட், ஃபெரிசயனைட் கலந்து, ஸ்ட்ரிப் நல்லா இருக்கான்னு பாக்க சைக்ளிக் வோல்டாமெட்ரி (வோல்டேஜ ஏத்தி எறக்கி கரண்ட அளக்குறது) ஒண்ணு ஓட்டுங்க (ஆசிட் மட்டும் கிட்ட வரக்கூடாது, நச்சு வாயு வரலாம்). ஏறும்போதும் எறங்கும்போதும் வர்ற ரெண்டு பீக்குக்கும் நடுவுல 59 மில்லிவோல்ட் வந்தா அது புத்தகக் கணக்கு, 100 பக்கம் வந்தாலும் பரவால்ல, 200 தாண்டினா கிளிப்பப் பாருங்க, இல்லாட்டி அந்த ஸ்ட்ரிப்பத் தூக்கிப் போட்டுட்டு வேற சுடுங்க. அந்த 59 கூட 25 டிகிரிக்குத்தான், நுவரெலியாவுல விடிய எடுத்த ரீடிங்கையும் மத்தியானம் எடுத்ததையும் ஒரே கிராஃப்ல போட்டீங்கன்னா கோடு கோணலாத்தான் வரும், அதனால வாட்டர் பாத்ல வச்சே அளங்க.

யூரிக் ஆசிட் தண்ணியில லேசுல கரையாது, துளி சோடியம் ஹைட்ராக்சைட் விட்டுக் கரைச்சு அப்பறமா 7.4 பிஎச் பஃபர்ல சேருங்க, அன்னன்னைக்கே புதுசா செய்யணும். டிஃபரன்ஷியல் பல்ஸ் (வோல்டேஜ சின்னச் சின்னத் துடிப்பா குடுத்து கரண்ட அளக்குறது) ஓட்டினா 0.3 வோல்ட் பக்கம் பீக் வரும். வைட்டமின் சியும் கிட்டத்தட்ட அங்கயே வந்து குழப்பும், அதனால அதத் தனியாவும் சேத்தும் ஒருக்கா ஓட்டிப் பாருங்க. யூரிக் ஆசிட் அஞ்சு அளவுல, ஒவ்வொண்ணுக்கும் மூணு ஸ்ட்ரிப், பிளாங்க் (யூரிக் ஆசிட் இல்லாத வெறும் பஃபர்) பத்து தடவ ஓட்டி, அளவுக்கு எதிரா பீக் கரண்ட கிராஃப் போடுங்க. பிளாங்க்கோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன மூணால பெருக்கி அந்த கிராஃபோட சரிவால வகுத்தா டிடெக்ஷன் லிமிட், அதாவது கண்டுபிடிக்கக்கூடிய ஆகக் கொறைஞ்ச அளவு.

கடைசியா செயற்கை யூரின்ல தெரிஞ்ச அளவு போட்டு திரும்ப எவ்வளவு வருதுன்னு பாருங்க, 90க்கும் 110 சதவீதத்துக்கும் நடுவுல நின்னா அப்பறம் சிஆர்பி (உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல கூடுற புரதம்) ஆன்டிபாடி ஒட்டுறதப் பத்தி சூப்பவைசர்கிட்ட கதைக்கலாம்.